மூச்சண்ணனின் காது

காலையில் முகம் கழுவும்போது நெற்றியை மட்டும் விட்டுவிடுவார். கன்னம், கழுத்து, காதுமடலின் பின்புறம் எல்லாவற்றுக்கும் சோப்புப் போகும்; புருவத்துக்கு மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. கேட்டால், "அது தொழில் எண்ணெய். அதக் கழுவிட்டு வேலைக்குப் போறதும், கத்தரிக்கோல வீட்டுல வெச்சிட்டுத் தையக்கடைக்குப் போறதும் ஒண்ணுதான்" என்பார். புத்தகங்களின் தோல் அட்டையில் அவர் ஒட்டுகிற தங்கத் தாளை விரலால் தொட முடியாது. தொட்டால் ரேகையோடு ஒட்டிக்கொண்டு காணாமல் போய்விடும். பஞ்சை நெற்றியில் ஒரு தடவை இழுத்தால் அதில் ஏறுகிற பிசுபிசுப்பு தாளைத் தூக்கவும் போதும், தோலின் மேல் வைத்ததும் விட்டுவிடவும் போதும். அறுபத்திரண்டு வயதில் சருமம் வறளத்தான் செய்யும். அதனால் இப்போதெல்லாம் படுக்கப் போகும் முன் நெற்றியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துக்கொள்கிறார். தலையணை உறை துவைக்கிற மனைவிக்கு அதில் கோபம்.

பட்டறையில் அவருக்குப் பெயர் மூச்சண்ணன். தாளை எடுக்கப் போகும் முன் "மூச்சு!" என்று ஒரு குரல் கொடுப்பார். உடனே யாராவது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கதவைத் திறக்கக் கூடாது. தும்மல் வந்தால் விழுங்கிவிட வேண்டும். பசை கிண்டுகிறவர்கள், காகிதம் வெட்டுகிறவர்கள், தைக்கிறவர்கள் எல்லாரும் கை வேலையோடு அப்படியே நிற்பார்கள். அந்தத் தாள் அவ்வளவு லேசு. எதிர் மேசையில் ஒருவர் பெருமூச்சு விட்டால் எழுந்து பறந்து ஜன்னலில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை புதிதாக வந்த வாடிக்கையாளர் ஒருவர், ஆறு பேர் அசையாமல் நிற்பதைப் பார்த்து, யாரோ இறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் நின்றார். தாள் தோலில் படிந்ததும் "விடு" என்பார். பட்டறை முழுவதும் மூச்சு விடும்.

ஆள் ஒல்லி. கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும். முழங்கையில் ஒட்டுப்போட்ட சட்டை, ஏனென்றால் முழங்கையை ஊன்றித்தான் அச்சைப் பிடிக்க வேண்டும். வலது கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் எப்போதும் ஒரு மினுக்கம் இருக்கும். மேசையின் இடதுபுறம் மின்சார அடுப்பு, அதைச் சுற்றித் தலையை உள்ளே நீட்டிக்கொண்டு பித்தளை அச்சுகள். இலை, இறகு, புள்ளி, நேர்கோடு, எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் மரப்பிடி. எந்தப் பிடி எந்த அச்சு என்று பார்க்காமலே எடுப்பார். வலதுபுறம் ஒரு பீங்கான் தட்டில் ஈரப் பஞ்சு. நடுவில் தோல் போர்த்த புத்தகம், முதுகு மேலாக இடுக்கியில் இறுக்கி வைத்திருக்கும்.

எதிர் மூலையில் இருப்பது ஃபாயில் மெஷின். அதை ஓட்டுகிற பெண்ணுக்கு நாற்பது வயது. எல்லாரும் மெஷின்காரம்மா என்பார்கள். அவர் மட்டும் "தங்கச்சி" என்பார். ஃபாயில் என்பது பளபளப்பான சுருள். பசை அதிலேயே இருக்கும். சூடு எவ்வளவு என்று மெஷினே எண்ணில் காட்டும். நெம்புகோலை இழுத்தால் எழுத்து விழுந்துவிடும். நாட்குறிப்புகள், ஆல்பங்கள், பணப்பைகள் எல்லாம் அதில்தான். ஒருநாளில் அவள் முடிக்கிற எண்ணிக்கையை அவர் ஒரு மாதத்தில் முடிக்க மாட்டார். அதில் அவருக்கு வருத்தம் ஏதும் கிடையாது. "ஃபாயில் நல்ல மருமகப் புள்ள. சொன்ன இடத்துல உக்காரும், போட்டதச் சாப்பிடும். தாள் அப்படி இல்ல. அது சம்பந்தியம்மா. வாசல்லயே நின்னு மூஞ்சியப் பாக்கும்" என்பார். மெஷின்காரம்மா உடனே, "சம்பந்தியம்மாவ நெத்தி எண்ணெய்ல ஒட்டித் தூக்குற ஒரே ஆள் நீங்கதான்ணே" என்பாள்.

தோலில் தங்கம் ஒட்டுவது முட்டை வெள்ளைக்கருவால். வெள்ளையில் இரண்டு சொட்டு வினிகர் விட்டு அடித்து, ஒருநாள் ஊறவைத்து வடிகட்டி, அச்சு முன்பே பதிந்த பள்ளங்களில் தூரிகையால் தடவுவார். அது காய்ந்ததும் தாளை வைத்துச் சூடான அச்சை அதே பள்ளத்தில் இறக்கினால் வெள்ளைக்கரு வெந்து தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் கரு வீட்டுக்குப் போகும். தாள் வேலை அதிகமாக உள்ள வாரங்களில் அந்த வீட்டில் மஞ்சள் கரு பொரியலும் மஞ்சள் கரு குழம்பும்தான். "உங்க புத்தகத்துக்குத் தங்கம், எனக்குக் கொழுப்பா? டாக்டர் என் ரத்தத்தப் பாத்துட்டு என்னைய இல்ல, உங்களத்தான் திட்டணும்" என்று மனைவி சொல்வாள். அவருடைய வலது தோளைத் தொட்டுவிட்டுத்தான் சொல்வாள். தொடாமல் பேசினால் அவர் திரும்புவதில்லை. இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று இரண்டு பேருக்குமே நினைவில்லை.

இந்த வேலையில் எல்லாம் சூட்டில் இருக்கிறது. அச்சு ஆறியிருந்தால் தங்கம் ஒட்டாது. கூடினால் தோல் கருகிப்போகும். கருகின தோலை எந்தச் சாயத்தாலும் மறைக்க முடியாது. உரித்துப் போட்டுவிட்டுப் புதுத் தோல்தான் போட வேண்டும். அவருடைய அடுப்பில் எண் கிடையாது. அச்சை அடுப்பிலிருந்து எடுத்ததும் ஈரப் பஞ்சில் தொடுவார். நீளமாக "ஸ்ஸ்ஸ்" என்றால் சூடு அதிகம், இன்னொரு தடவை தொட வேண்டும். சத்தமே இல்லையென்றால் ஆறிவிட்டது, அடுப்புக்குத் திரும்ப வேண்டும். சட்டென்று "ஸுக்" என்று ஒடிந்தால் அதுதான் பதம். அந்த "ஸுக்"கை அவர் முப்பத்தெட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டுகூடக் கேட்பார்.

சென்ற வருடம் கருகத் தொடங்கியது. முதலில் ஒரு விருந்தினர் ஏட்டின் மூலை; இலையின் காம்புப் பக்கம் கறுத்துச் சுருங்கியிருந்தது. அடுத்த மாதம் ஒரு சட்டப் புத்தகத்தின் முதுகு. அதற்கு அடுத்து, வரிசையாக இரண்டு நகைப்பெட்டி மூடிகள். அவர் அடுப்பின் கம்பியை மாற்றினார். வெள்ளைக்கருவில் வினிகரைக் குறைத்தார். முட்டைக்கடையை மாற்றினார். மனைவியிடம் "இந்த முட்டை சரியில்ல" என்று சொல்ல, அவள், "நல்லாத்தானே இருக்கு, நான்தான தின்னேன்" என்றாள். கடைசியில் முதலாளியம்மா நேராகக் கேட்டார்.

"என்னண்ணே இது? ரெண்டு மாசத்துல நாலு. என்ன நடக்குது?"

அவர் கருகின துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தோல் சரியில்லம்மா. பதம் ஒழுங்காப் போடல. கொழுப்பு உள்ளயே நிக்குது. சூடு பட்டா எரியுது."

அந்தத் தோலைக் கொண்டுவருகிறவர் அவருக்கு முப்பது வருடச் சிநேகிதர். மாதம் ஒரு தடவை ஸ்கூட்டரின் பின்னால் சுருளாகக் கட்டிக்கொண்டு வந்து, அவருடைய மேசையிலேயே விரித்து, இரண்டு பேரும் தடவிப் பார்த்து, டீ குடித்து, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு பிரிவார்கள். முதலாளியம்மா அவருக்குப் போன் செய்து, இருந்த கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். இனிமேல் வர வேண்டாம் என்றும் சொன்னார். தோல்காரர் வந்து கட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது மூச்சண்ணன் நிமிரவில்லை. கையில் அச்சு இருந்தது, நிமிர முடியாது என்பது அவர் கணக்கு.

வேறொருவரிடமிருந்து தோல் வந்தது. அதுவும் கருகியது.

அதற்குப் பிறகுதான் முதலாளியம்மா அந்தப் பேச்சை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை, பட்டறை நடத்துகிறவர். "இன்னும் ஒண்ணு கருகினா தாள் வேலைய நிறுத்திடலாம்ணே. கேக்குறவங்களுக்கு ஃபாயில்ல போட்டுக் குடுப்போம். நீங்க முன்னாடி கவுண்டர்ல உக்காருங்க. வர்றவங்ககிட்டப் பேசி, என்ன வேணும்னு கேட்டு எழுதிக்கிட்டாப் போதும். கண்ணுக்கும் ஓய்வு." அவர் தலையாட்டிவிட்டு வந்தார். அன்று மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

அந்த வாரம்தான் பறவைப் புத்தகம் வந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் பறவைகளை வரைந்து சேர்க்கிறவர். இரண்டு வருடத்துக்கு ஒரு தொகுதி. முன்பு வந்த ஐந்தும் கரும்பச்சை ஆட்டுத்தோல், முதுகில் ஆறு கட்டம், கட்டத்துக்கு நாலு சின்ன இறகு, இரண்டாவது கட்டத்தில் மட்டும் எழுத்து; எல்லாம் மூச்சண்ணன் கை. இது ஆறாவது. அதே பச்சையில் ஒரே ஒரு தோல் மீதி இருந்தது. முதலாளியம்மா அதைக் காகிதத்தில் சுருட்டி, "தொடாதே" என்று எழுதி மேல் தட்டில் வைத்திருந்தார். ஒரு புத்தகத்துக்குப் போக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு மிஞ்சும். ஃபாயிலில் போட முடியாது. ஃபாயிலின் மினுமினுப்பு வேறு, பக்கத்தில் வைத்தால் குருடருக்கும் தெரியும் என்று வாத்தியாரே சொல்லிவிட்டுப் போனார்.

மிஞ்சிய துண்டில் மூச்சண்ணன் ஒத்திகை பார்த்தார். பஞ்சில் தொட்டார். "ஸுக்" என்றது. அச்சை இறக்கினார்.

இறகு கருகியது.

அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இது பத்து வருடத்துக்கு முன் அதே தோல்காரர் கொடுத்த தோல். இதன் உடன்பிறந்த தோல்கள் ஐந்து புத்தகங்களின் மேல் ஒரு கறை இல்லாமல் இருக்கின்றன. இதில் கொழுப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. எழுந்து, எதற்கு என்று தெரியாமல், மெஷின் பக்கம் போய் நின்றார். மெஷின்காரம்மா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அந்தச் சுவிட்ச அணைச்சிடுங்க. கத்திட்டே இருக்கு பாருங்க!"

"எது?"

"மெஷின்தான்ணே."

அவர் மெஷினைப் பார்த்தார். ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. "இது கத்துமா?"

அவள் ஈரக் கையோடு சிரித்துக்கொண்டே வந்தாள். "சும்மா இருங்கண்ணே. சூடு ஏறினதும் கீ கீன்னு உயிர எடுக்குமே. வாங்கின நாள்லேர்ந்து கத்துது."

மெஷின் வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. அவர் குனிந்து காதை மெஷினின் பக்கவாட்டில் வைத்தார். பிறகு மற்றக் காதை வைத்தார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

வயதானால் காதில் முதலில் போவது மெல்லிய, கூரிய சத்தங்கள்தான். பேச்சு கேட்கும், லாரி கேட்கும், கதவு சாத்துவது கேட்கும். அதனால் ஒன்றும் போகவில்லை என்றே மனிதர்கள் நினைத்துக்கொள்வார்கள். கீச்சுக் குரல், கடிகார மணி, ஈரத்தில் சூடு படுகிற சீறல், இவை ஒன்றொன்றாக நகர்ந்து போய்விடும். போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை. அவருக்கு "ஸ்ஸ்ஸ்" என்ற நீளமான சீறலில் கடைசி நுனி மட்டும்தான் கேட்டிருக்கிறது. அதை "ஸுக்" என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். உண்மையான "ஸுக்" வந்தபோது ஒன்றும் கேட்காமல், ஆறிவிட்டது என்று திரும்ப அடுப்பில் வைத்துச் சுட்டிருக்கிறார்.

மெஷின்காரம்மாவைத் தன் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அச்சை எடுத்துப் பஞ்சில் தொட்டார். "எப்படிக் கேட்டுச்சு? சொல்லு."

"சூடான கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி. நீளமா, ஸ்ஸ்ஸ்ஸ்னு."

"எனக்கு ஸுக்குன்னு கேட்டுச்சு."

அச்சைத் திரும்ப அடுப்பின் ஓரம் வைத்தார்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

"நான் ஏன்ணே சொல்லப்போறேன்? நீங்களே சொல்லுவீங்க."

அவர் மேசையின் மறுபக்கம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "நாளைக்குக் காலையில உன் மெஷின்ல அவசரம் இருக்கா? இல்லைன்னா இங்க உக்காரு. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம். சத்தத்த மட்டும் கேளு."

மறுநாள் தொடங்கினார்கள். முதலில் துண்டில் பழகினார்கள். பதம் வந்தால் "சரி", கூடினால் "சூடு" என்று அவள் சொல்வதாக ஏற்பாடு. இரண்டாவது தடவையிலேயே அது உடைந்தது. அச்சிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டால் இரண்டும் அவருக்கு ஒன்றாகத்தான் விழுந்தன. அவள் உதட்டைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரிந்தது. இத்தனை நாள் மற்றவர்களின் உதட்டைப் பார்த்தே பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்பதை அப்போதுதான் அவரும் கண்டுகொண்டார்.

"வேற சொல்லு."

"எத?"

"தொண்டையிலேர்ந்து வர்றதா எதாவது. மாடு மாதிரி."

"என்னைய மாடுங்கறீங்க." அவள் யோசித்தாள். "ம்?"

"அது கேக்குது. பதம்னா அதச் சொல்லு. சூடு கூடினா மேசையத் தட்டு. ஆறிப்போனா ஒண்ணும் பண்ணாத."

புத்தகத்துக்கு மூன்று காலைகள் ஆயின. "மூச்சு!" என்பார். மின்விசிறி நிற்கும். பஞ்சு நெற்றியில் ஒருமுறை ஓடும். தாள் எழுந்து, ஆடி, பள்ளத்தின் மேல் படியும். அச்சு அடுப்பிலிருந்து பஞ்சுக்கு வரும். மேசையில் ஒரு தட்டு, மறுபடி பஞ்சு, "ம்". அச்சு இறங்கும், ஒரு நொடி நிற்கும், ஏறும். தட்டு, தட்டு, "ம்". மூச்சையும் பிடித்துக்கொண்டு "ம்" சொல்வது எப்படி என்று அவளுக்கு முதல் நாள் பிடிபடவில்லை. முகம் சிவந்து, கண் பிதுங்கி, "நான் செத்தா என் மெஷின யார் ஓட்டுவா?" என்று கேட்டாள். நாலாவது கட்டத்தில் அவள் தூக்கக் கலக்கத்தில் "ம்" சொல்லிவிட்டு உடனே படபடவென்று மேசையைத் தட்டினாள். அச்சு தோலுக்கு ஒரு நகக்கண் உயரத்தில் நின்றது. அப்படியே அச்சைப் பஞ்சுக்குக் கொண்டுபோனார். திட்டவில்லை. திட்டினால் தாள் பறந்துவிடும்.

மூன்றாம் நாள் மதியத்துக்கு முன் மீதித் தங்கத்தைக் கம்பளித் துணியால் துடைத்தெடுத்தார். இருபது இறகும், மூன்று வரி எழுத்தும். கருகல் ஒன்றுகூட இல்லை.

முதலாளியம்மா ஆறு புத்தகங்களையும் தம் மேசையில் அடுக்கினார். கலைத்து மறுபடி அடுக்கினார். புதியது எது என்று முதுகைப் பார்த்து அவரால் சொல்ல முடியவில்லை. பக்கங்களின் ஓரத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களாண்ணே? தோல் நல்லாருந்தா உங்க கை எங்க போகும்? நீங்க சொன்னதுதான் சரி. அந்த ஆள் அப்ப நல்ல சரக்கு குடுத்தான், இப்ப நம்ம தலையில குப்பையக் கட்டிட்டான். கவுண்டர் பேச்ச மறந்துடுங்க. நல்ல தோலா நான் தேடிப் பிடிக்கிறேன்."

அப்படியே விட்டிருக்கலாம். தலையாட்டினால் போதும். ஸ்டூல் அங்கேயே கிடக்கும், மெஷின்காரம்மா வாயைத் திறக்க மாட்டாள், அவருடைய மேசை அவருடையதாக இருக்கும். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"தோல் மேல தப்பில்லம்மா."

"என்ன?"

"அந்த ஆள் குடுத்தது நல்ல தோல்தான். கருகினது என்னால. எனக்குக் காது போயிடுச்சு."

முதலாளியம்மாவுக்குப் புரியவில்லை. "காதுக்கும் தோலுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

பீங்கான் தட்டையும் ஒரு அச்சையும் கொண்டுவந்து காட்டினார். தொட்டு, "உங்களுக்கு அப்படிக் கேட்டுச்சு, எனக்கு இப்படிக் கேட்டுச்சு" என்று விளக்கினார். மூன்று காலைகள் யார் கேட்டுச் சொன்னது என்பதையும் சொன்னார். முதலாளியம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உங்களப் போய் கவுண்டர்ல உக்கார வெக்கப் பாத்தேனே" என்றார் கடைசியில். "பச்சைன்னா சிவப்புன்னு எழுதியிருப்பீங்க."

"நானும் அதத்தான் நெனச்சேன்."

"ரெண்டு வேலை இருக்கு. காத டாக்டர்கிட்டக் காட்டுங்க. அந்த ஆள் வீட்டுக்குப் போங்க. போன்ல வேண்டாம், நேர்ல. ரெண்டும் முடிச்சிட்டு வந்து அச்சத் தொடுங்க. அதுவரைக்கும் மேசை காலியாவே இருக்கட்டும்."

காது எளிதாக முடிந்தது. மனைவிதான் கூட்டிக்கொண்டு போனாள். சோதனை முடிந்து வெளியே வந்ததும், "இத்தன வருசமா தோளத் தட்டித் தட்டி என் கை தேஞ்சு போச்சு" என்றாள். "சொல்லியிருக்கலாம்ல?" என்றார். "சொன்னேன். தோளத் தட்டாம சொல்லிட்டேன்" என்றாள்.

தோல்காரர் தம் கிடங்கு வாசலிலேயே அவரை நிற்க வைத்துப் பேசினார்.

"யாரு? வழி மாறி வந்துட்டீங்களா?"

"உன் தோல் நல்ல தோல்தான்யா."

"அது எனக்கே தெரியும். நீ புதுசா என்ன சொல்ல வந்த?"

மூச்சண்ணன் காதையும் பஞ்சையும் பற்றிச் சொன்னார். தோல்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"சரி. காது போச்சு. கை எங்க போச்சு? முப்பது வருசமா என் தோலத் தடவிப் பாத்த கைதான? அதுல கொழுப்பு இருக்கா இல்லையான்னு கைக்குத் தெரியல?"

மூச்சண்ணன் தரையைப் பார்த்தார். "தெரிஞ்சுது" என்றார். "கைக்குத் தெரிஞ்சுது. வாய்தான் சொல்லல."

தோல்காரர் உள்ளே போய்விட்டார். டீ வரவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். மூன்று வாரம் கழித்து ஸ்கூட்டர் பட்டறை வாசலில் நின்றது. பின்னால் ஒரே ஒரு சுருள். "முதலாளியம்மா கூப்பிட்டாங்க, வந்தேன். உனக்காக வரல" என்று சொல்லிவிட்டு அதை மெஷின்காரம்மாவின் மேசையில் விரித்தார்.

காதுக் கருவி வந்தது. நிறைய பேர் ஒரு வாரம் மாட்டிவிட்டு மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார்கள். திடீரென்று உலகம் முழுவதும் காதுக்குள் வந்து இரைச்சல் போடும், தாங்காது. மூச்சண்ணனுக்கு இழுப்பறையில் போட வழியில்லை. முதல் நாள் அரை மணி, அடுத்த நாள் ஒரு மணி என்று ஏற்றினார். "இவ்ளோ சத்தமாவா நீ வெங்காயம் வெட்டுற?" என்று மனைவியைக் கேட்டார். செய்தித்தாளைப் புரட்டவே பயந்தார். பட்டறையில் மெஷின் கீ கீ என்றதும் அச்சைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். "இந்தச் சனியனோட இத்தன நாள் எப்படிக் குடும்பம் நடத்துற?" என்றார். மெஷின்காரம்மா, "உங்களோட நடத்துற மாதிரிதான்" என்றாள்.

பஞ்சின் சத்தம் திரும்பி வந்தது. ஆனால் பழைய ஆளாக வரவில்லை. கருவி வழியாகக் கேட்டால் சின்னச் சீறல்கூடக் காட்டுத்தீ போல இருந்தது. இன்னும் சூடு, இன்னும் சூடு என்று ஆறவிட்டுக்கொண்டே போனார். இப்போது எதுவும் கருகவில்லை. எதுவும் ஒட்டவும் இல்லை. துடைத்தால் தங்கம் மொத்தமும் துணியோடு போயிற்று. மெஷின்காரம்மா மறுபடி ஸ்டூலுக்கு வந்தாள். அவள் "ம்" சொல்கிற நேரத்தில் கருவியில் எப்படிக் கேட்கிறது என்று பொருத்திப் பொருத்தி, வெட்டி எறிந்த தோல் துண்டுகளில் ஆறு வாரம் அடித்தார். முதலாளியம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். கூடை நிறைய இறகுகள் சேர்ந்தன. பாதியில் தங்கம் இல்லை, பிறகு கால்வாசியில், பிறகு ஒன்றிரண்டில். ஏழாவது வாரம் மேசைக்கு உண்மையான புத்தகம் வந்தது. இப்போது தொடர்ந்து வருகிறது. வீட்டில் மறுபடியும் மஞ்சள் கரு.

மாலையில் கருவியைக் கழற்றி, காதழுக்கைத் துடைத்து, சின்னப் பெட்டியில் வைப்பார். நெற்றிக்கு எண்ணெய் வேண்டும், கருவிக்கு எண்ணெய் ஆகாது. இரண்டையும் ஒரே கையால் தொடக் கூடாது என்று மனைவி சட்டம் போட்டிருக்கிறாள்.

தோல்காரர் மாதம் ஒரு தடவை வருகிறார். இப்போது சுருளை மூச்சண்ணன் மேசையிலேயே விரிக்கிறார், டீயும் வருகிறது. ஆனால் விட்டுவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்த மாதமும் பழுப்பு ஆட்டுத்தோலை விரித்துவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"நல்லாத் தடவிப் பாருங்க. கொழுப்பு கிழுப்பு இருக்கப் போகுது. அப்புறம் எரிஞ்சிது, வெடிச்சிதுன்னு சொல்லுவீங்க. பஞ்சு வேணுமா? நெத்தி வேணுமா? இல்ல, என் காதக் கழட்டித் தரட்டுமா?"

தைக்கிறவர்கள் சிரித்தார்கள். மூச்சண்ணன் நிமிரவில்லை. இரண்டு விரலால் காதிலிருந்து கருவியைக் கழற்றினார், எல்லாரும் பார்க்கச் சட்டைப் பையில் போட்டார். "மூச்சு!" என்றார். மின்விசிறி நின்றது. தோல்காரர் திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். தாள் எழுந்து, ஆடி, இடுக்கியில் இருந்த புத்தகத்தின் பள்ளத்தில் படிந்தது. அச்சு அடுப்பிலிருந்து ஈரப் பஞ்சுக்கு வந்து தொட்டு நின்றது.

எதிர் மூலையில், சுருளை மாட்டிக்கொண்டிருந்த மெஷின்காரம்மா திரும்பிப் பார்க்காமலே, "ம்" என்றாள்.

அச்சு இறங்கியது.